தண்ணீரில் நின்ற வண்டிக்கு செல்ஃப் அடிக்காதீர்கள்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தேவகோட்டையிலிருந்து உள்ரோடு வழியாகக் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்ததில் தரைப்பாலத்தின் மேல் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் ஓடியது. நடுவில் மூன்று பையன்கள். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பியவர்கள், 400 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டார்கள், மூவருக்கும் அதுதான் முதல் நெடும்பயணம். ஒருவனின் பைக் தண்ணீருக்குள்ளேயே நின்றுபோயிருந்தது. அவன் கட்டைவிரல் செல்ஃப் பட்டனுக்குப் போவதைப் பார்த்ததும், "தம்பி, கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

ஹெல்மெட், தேய்ந்த டயர், ரெயின்கோட் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். மழையில் பைக் ஓட்டுபவர்கள் தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தூறல்தானே என்று ஓட்டுவது

கொட்டுகிற மழையைவிட முதல் பதினைந்து நிமிடத் தூறல்தான் ஆளைச் சாய்க்கும். பல நாள் புழுதி, லாரிகள் சிந்திய ஆயில், டயர் தேய்ந்த ரப்பர் எல்லாம் அந்த ஈரத்தில் குழைந்து ரோட்டின் மேல் ஒரு படலமாக நிற்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பெட்ரோல் பங்க் வாசல், டோல்கேட், லாரிகள் ஒதுங்கும் டீக்கடை முன்பு இன்னும் மோசம். புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் கட்டை ஏற்றிய லாரிகள் மண் ரோட்டிலிருந்து ஏறும் இடங்களில் தார் மேல் செஞ்சேறு அப்பிக் கிடக்கும். தூறல் விழுந்ததும் ஒரு டீ குடியுங்கள். வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடந்துவிடுங்கள். சாய்வாகப் போனால் சக்கரம் இழுத்துவிடும்.

நின்ற வண்டியைக் கிளப்பப் பார்ப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் இந்தச் செலவு முழுக்கத் தவிர்க்கக் கூடியது.

2015 நவம்பர். தஞ்சாவூர் போய்விட்டு என் 350 சிசி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருமயம் தாண்டியதும், இருட்டுவதற்குள் கானாடுகாத்தான் சேர வேண்டும் என்று ஊர்களுக்குள் புகுந்து குறுக்கு வழியில் போனேன். ஒரு பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. எதிரே வந்த டிராக்டர் தள்ளிவிட்ட அலை சீட் வரைக்கும் ஏறியது. வண்டி இருமி நின்றுவிட்டது. கரையில் நின்ற இரண்டு பேர், "செல்ஃப் அடிங்கண்ணே, வந்துரும்" என்றார்கள். அடித்தேன். பாதி சுற்றி முக்கியது. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரைக்குடியில் மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடை எடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துக் காட்டினார். நேராகக் கிடக்க வேண்டிய ராடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு வளைவு. அவ்வளவுதான் வளைவு. அதற்கு 18,000 ரூபாயும் ஒன்பது நாளும் போயின.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டீர்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் மேலே ஏறும் பிஸ்டன் சுவரில் முட்டியது போல நிற்கும். கீழிருந்து தள்ளுகிற விசை எங்காவது போயாக வேண்டுமே? ராடு வளையும், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச் உடையும். தள்ளி ஸ்டார்ட் செய்வது இதைவிடக் கெடுதல். உருண்டு வரும் வண்டியின் முழு உந்துதலும் அந்த ராடில்தான் இறங்கும்.

செய்ய வேண்டியது இது. சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; ஆயில் மாற்றாமல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

அந்தப் பையனின் வண்டியில் இதையே செய்தோம். நாலாவது சுற்றில் ஒரு உள்ளங்கை அளவு கலங்கல் தண்ணீர் பிளக் ஓட்டையிலிருந்து பீய்ச்சி அவன் சட்டையில் தெறித்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம், "அண்ணே, இது உள்ள இருந்தப்பவா நான் அமுக்கப் போனேன்?" என்றான். இரவு என் வீட்டில் தங்கினார்கள். காலையில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பத்து மணிக்கு மூன்று பேருமே ராமேஸ்வரம் கிளம்பினார்கள்.

தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு: சக்கரத்தின் அச்சுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் என்றால் அதற்கும் குறைவாக இருந்தாலும் வேண்டாம். தரைப்பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருப்பது கலங்கலில் தெரியாது. ஊர்க்காரர் யாராவது நடந்து கடக்கும் வரை காத்திருங்கள்.

முதுகுப்பைக்கு மேலுறை போதும் என்று நம்புவது

முதுகுப் பக்கமும் அடிப்பக்கமும் தண்ணீர் இறங்கும். துணிகளைப் பைக்குள் தனியாக ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். உரச்சாக்கின் உள்பையைக் கழுவிக் காயவைத்தால் அதைவிட நல்லது கிடையாது.

இடி இடிக்கும்போது புளியமரத்தடி

வேண்டவே வேண்டாம்.

ஈரச் செம்மண்ணில் சைடு ஸ்டாண்டு

புதைந்து வண்டி சாயும். கீழே ஒரு தட்டைக் கல்.

நனைந்த பூட்ஸோடு வீட்டுக்குள் ஏறுவது

மழைக்கு ஒதுங்கினால் ஆச்சிமார் உள்ளே வரச்சொல்லி காபி கொடுப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் ஈரத்தில் வழுக்கும். வாசலிலேயே கழற்றுங்கள்.

செயினை மறந்து தூங்குவது

ஒரு நாள் முழுக்க மழையில் ஓடிய செயினில் எண்ணெய்ப் பசை இருக்காது, மணல்தான் இருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துருவின் செம்பழுப்பு படிந்திருக்கும். படுப்பதற்கு முன் துணியால் துடைத்து, உள்பக்கக் கண்ணிகளில் கியர் ஆயில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே விட வேண்டும். நேரம் மிச்சம் என்று என்ஜினை ஓடவிட்டுத் துணியைச் செயினில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி பல்லில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.