மரவாழையைப் புல்லுருவி என்று வெட்டாதீர்கள்

ராமநாதபுரக் கடலோரத்தில் ஆர்க்கிட் தேடுகிறேன் என்றால் சிரிப்பார்கள். பனையும் உடைமரமும் சீமைக்கருவேலமும் நிற்கிற உப்புக்காற்றில் அது எங்கே வரும், அதெல்லாம் கொடைக்கானல் சமாச்சாரம் என்பார்கள். முதல் தவறு இதுதான். கிழக்குக் கரையோரத்து வறண்ட காடுகளில், பழைய மரங்களின் மேல் மரவாழை என்ற ஆர்க்கிட் வளரும். தாவரவியலில் வாண்டா டெசலேட்டா.

அடுத்த தவறு அரிவாளில் முடியும். ஒரு கோயில் வேம்பின் அடியில் பெரியவர் ஒருவர் கொக்கியோடு நின்றார். "புல்லுருவி தம்பி, விட்டா மரத்தையே உறிஞ்சிரும்" என்றார். தாழ்ந்த கிளையில் சுண்ணாம்பு வெள்ளையில் தடித்த வேர்கள் தொங்கின. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மங்கிப் பச்சை எழுந்தது. வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை மழைநீரைக் குடிக்கிறது. மரத்துக்குள் அது நுழைவதே இல்லை. புல்லுருவி அப்படியல்ல. ஒட்டிய இடத்தில் கிளையே வீங்கியிருக்கும், அதன் இலையும் அகலம். மரவாழை இலை வார் போல நீண்டு, நடுவில் மடிந்து, நுனியில் யாரோ கடித்துத் துப்பியது போல இருக்கும்.

பூவின் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதும் சரியில்லை. மஞ்சள் கலந்த இதழில் பழுப்புக் கட்டங்கள், பின்புறம் வெள்ளை, உதடு போல முன்னால் நீட்டியிருக்கும் இதழ் நீலம் கலந்த ஊதா என்றால் இதுதான். கட்டமே இல்லாத சின்ன மஞ்சள் பூ என்றால் அதன் உறவான வாண்டா டெஸ்டேசியாவாக இருக்கலாம். அதனால் இதழின் பின்புறம், இலை நுனி, வேர், நிற்கும் மரம் என எல்லாவற்றையும் படமெடுங்கள்.

இன்னொன்று, பார்த்ததெல்லாம் 'உலகிலேயே அரியது' என்று எழுதுவது. இந்தச் செடி இந்தியா, இலங்கை, மியான்மர் வரை பரவியிருக்கிறது. இங்கே அரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அது ஏறிக்கொள்ள வயதான மரங்கள் குறைந்துபோனது.

அப்புறம், பிடுங்கி வீட்டுத் தொட்டி மண்ணில் நடுவது. காற்றுக்குப் பழகிய வேர் மண்ணில் அழுகிவிடும். தூசி போன்ற விதையும் சும்மா முளைக்காது. அதில் உணவுச் சேமிப்பு இல்லை, துணைக்கு ஒரு பூஞ்சை வேண்டும். ஒரு செடி போனால் அந்த மரத்தில் இன்னொன்று வர எத்தனை வருஷமோ.

படத்தோடு இருப்பிடத்தையும் போட்டுவிடாதீர்கள், மருந்துக்கு என்று பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோயில் எந்த ஊர் என்று என்னிடமும் கேட்காதீர்கள்.