கீரி தோண்டி நுழையாத கோழி அடைப்பு

கிருஷ்ணகிரிப் பக்கம் செம்மண்ணில் ஒன்றரை அடி தோண்டினாலே பல இடங்களில் பாறை தட்டும். அதனால் கம்பி வலையை ஆழமாகப் புதைக்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

10க்கு 6 அடி அடைப்புக்கு ஆறடிக் கல் தூண் 6 போதும். ஒன்றரை அடி புதைத்து, சில்லுக்கல் போட்டு இறுக்கினேன். மரக்கம்பு கரையான் அரித்து ஆடிவிடும்.

முதலில் கட்டியது அறுகோண ஓட்டைக் கோழி வலை. நாய் இழுத்தால் கிழிகிறது, குட்டிக் கீரி ஓட்டை வழியாகவே வருகிறது. அரை அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த சதுரக் கட்டக் கம்பி வலை) விலை கூடுதல்தான், ஆனாலும் அதுதான் சரி. நான்கடி உயரத்துக்கு அடித்து, அரையடிக்கு ஒரு கட்டுக்கம்பி முறுக்கு.

முக்கியமானது அடிப்பாவாடை. இரண்டடி அகல மெஷ்ஷை மடக்கி, அரையடியை வலைச் சுவரோடு கட்டி, ஒன்றரை அடியை வெளிப்பக்கம் தரையில் விரித்து, மேலே கனமான கல் பரப்ப வேண்டும். கீரி சுவரோரமாகவே தோண்டும். கம்பி தடுத்ததும் விட்டுவிடும். பின்னால் தள்ளிப்போய்த் தோண்டுவதை நான் பார்த்ததில்லை. உள்பக்கம் விரித்தால் பயனில்லை.

கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளிகூட ஆகாது. பலகைக்கல் ஒன்றைப் பதியுங்கள். தாழ்ப்பாள் மேலும் கீழுமாக இரண்டு. மேலேயும் வலை வேண்டும், குஞ்சுகளுக்குப் பருந்து பயம். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்று.