ரா சாக்கெட்டோட மல்லுக்கட்டாம ஜீரோஎம்க்யூ வச்சு க்ளையண்ட்-சர்வர் எழுதுறது எப்படி

நெட்வொர்க்ல ரெண்டு ப்ரோக்ராம் பேசிக்கணும்னா எல்லாரும் முதல்ல தொடுறது ரா சாக்கெட்டத்தான், அதாவது நெட்வொர்க்ல பேச ஓஎஸ் குடுக்குற சாக்கெட்ட நடுவுல லைப்ரரி எதுவும் இல்லாம நேரடியா. சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட், சென்ட், ரிசீவ்... 1983ல 4.2 பிஎஸ்டிங்கிற யூனிக்ஸோட வந்த அதே ஃபங்ஷன்கள்தான் இன்னிக்கும் பைத்தான்ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட எல்லா மொழிக்கும் அடியில ஓடிட்டு இருக்கு. இருபது வரியில ஒரு எக்கோ சர்வர் (அனுப்புறத அப்படியே திருப்பி அனுப்புறது) எழுதி ஒரே மெஷின்ல ஓட்டிப் பாத்தா அருமையா ஓடும், அவ்ளோதானா இதுன்னு தோணும். நிஜ வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

ஏன்னா அந்த சாக்கெட்டுக்கு அடியில டேட்டாவ சுமக்குற டிசிபிங்கிற ப்ரோட்டோகால் மெசேஜ் அனுப்பாது, பைட்டுகள மட்டும்தான் அனுப்பும். நீங்க ஒரு சென்ட்ல "ஆர்டர் 12"னும் இன்னொரு சென்ட்ல "ஆர்டர் 13"னும் அனுப்புறீங்கன்னு வைங்க, அந்தப் பக்கம் ஒரே ரிசீவ்ல "ஆர்டர் 12ஆர்டர் 13"னு ஒட்டிக்கிட்டு வரலாம், இல்ல "ஆர்ட" மட்டும் வந்துட்டு மிச்சம் அடுத்த ரிசீவ்ல வரலாம், ரெண்டுமே டிசிபி கணக்குல சரிதான், வரிசை மாறாம கொண்டு வந்து சேக்குறது மட்டும்தான் அதோட பொறுப்பு. தமிழ் டெக்ஸ்ட் அனுப்புறவங்களுக்கு இது இன்னும் சீக்கிரமா தலைவலி குடுக்கும். யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ் கோட்பாயிண்ட்டுக்கும் (யூனிகோட்ல எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியா இருக்கிற எண்) 3 பைட், "அம்மா"ன்னா அ, ம, புள்ளி, ம, கால் எல்லாம் சேத்து 5 கோட்பாயிண்ட், அதாவது 15 பைட். இப்போ எல்லா டுட்டோரியல்லயும் இருக்கிற மாதிரி ரிசீவ்ல 1024னு போட்டீங்கன்னா, 1024ஐ 3ஆல வகுத்தா 341 போக 1 மிச்சம் நிக்குதுல்ல, நடுவுல ஸ்பேஸ் இல்லாத நீளமான தமிழ்த் தொடர்ல அந்த 1024ஆவது பைட் ஒரு எழுத்த நடுவுல வெட்டும், அத அப்படியே டீகோட் பண்ணா யூனிகோட் எரர் வந்து விழும். இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ணப்ப எல்லாம் ஓடியிருக்கும், அதான் கொடுமை.

இதுக்குத் தீர்வு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னாடியும் 4 பைட்ல நீளத்த அனுப்பணும், வாங்குற பக்கம் முதல்ல அந்த 4 பைட் முழுசா வர்ற வரைக்கும் லூப், அப்புறம் அத்தன பைட் வர்ற வரைக்கும் இன்னொரு லூப். இதோட முடிஞ்சிடுச்சான்னா இல்ல, சர்வர் விழுந்து எழுந்தா மறுபடி கனெக்ட் பண்ற லாஜிக், நூறு க்ளையண்ட் வந்தா ஆளுக்கு ஒரு த்ரெட்டா, இல்ல ஒரே த்ரெட்ல எல்லா சாக்கெட்டயும் கவனிக்கிற செலக்ட்டாங்கிற முடிவு, அந்தப் பக்கம் மெதுவா வாங்குனா இங்க எவ்ளோ பஃபர் பண்றதுங்கிற கணக்கு, இத்தனையும் இருக்கு. இத ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் புதுசா எழுதுறதுல எந்தப் பெருமையும் இல்லங்கிறது என் கருத்து. கத்துக்க ஒரு தடவ எழுதுங்க, கட்டாயம் எழுதுங்க, அதுக்கப்புறம் லைப்ரரிகிட்ட விட்டுடுங்க.

இங்க நான் எடுத்துக்கிறது ஜீரோஎம்க்யூங்கிற மெசேஜிங் லைப்ரரி. கோர் சி++ல எழுதுனது, பைத்தான், ஜாவா, கோ, நோட்னு கிட்டத்தட்ட எல்லா மொழிக்கும் பைண்டிங் இருக்கு, அதனால சர்வர் ஒரு மொழியிலயும் க்ளையண்ட் வேற மொழியிலயும் இருந்தாலும் பிரச்சனை இல்ல. பேர்ல எம்க்யூ இருக்கிறதால இது ராபிட்எம்க்யூ மாதிரி தனியா ஒரு ப்ரோக்கர் (நடுவுல நின்னு மெசேஜ வாங்கிக் குடுக்குற சர்வர்) இன்ஸ்டால் பண்ணணும்னு நினைச்சிடாதீங்க, இது வெறும் லைப்ரரி, உங்க ப்ரோக்ராமுக்குள்ளயே ஓடும். பைத்தான்ல பிப் வச்சு பைஜெட்எம்க்யூங்கிற பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணா போதும். (கீழ ஃபங்ஷன் பேரெல்லாம் தமிழ்ல எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.)

முதல்ல சர்வர். ஒரு கான்டெக்ஸ்ட் உருவாக்குங்க (சாக்கெட்டுகள எல்லாம் வச்சுப் பாத்துக்கிறது அதுதான்), ஒரு ப்ராசஸுக்கு ஒண்ணு போதும், ஒவ்வொரு ஃபங்ஷன்லயும் புதுசு புதுசா உருவாக்காதீங்க. அந்த கான்டெக்ஸ்ட்கிட்ட ரெப் வகையில ஒரு சாக்கெட் கேளுங்க, ரிப்ளைங்கிறதோட சுருக்கம் அது. அத டிசிபி://127.0.0.1:5555ங்கிற அட்ரஸ்ல பைண்ட் பண்ணுங்க. அப்புறம் ஒரு வைல் ட்ரூ லூப், உள்ள ரிசீவ்-ஜேசான் (ஜேசான்ங்கிறது டேட்டாவ டெக்ஸ்ட்டா எழுதுற ஒரு வடிவம்), உங்க வேலை, சென்ட்-ஜேசான், அவ்ளோதான். அக்செப்ட் இல்ல, க்ளையண்ட் லிஸ்ட் இல்ல, பஃபர் இல்ல. க்ளையண்ட் பக்கம் ரெக் (ரிக்வெஸ்ட்) வகை சாக்கெட், அதே அட்ரஸுக்கு கனெக்ட், சென்ட்-ஜேசான், ரிசீவ்-ஜேசான். ரெண்டையும் சேத்தாலும் பதினஞ்சு வரி தாண்டாது.

ஓட்டிப் பாக்குறப்ப ஒரு வேலை செய்யுங்க, க்ளையண்ட்ட முதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. ரா சாக்கெட்டா இருந்தா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு உடனே செத்திருக்கும், இங்க அது அமைதியா காத்துக்கிட்டு இருக்கும், பின்னால இருக்கிற ஐஓ த்ரெட் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும் (டீஃபால்ட் அதான், மாத்திக்கலாம்), சர்வர ஸ்டார்ட் பண்ண உடனே பதில் வந்துடும். மெசேஜும் முழுசாத்தான் வரும், வந்தா முழு மெசேஜ், இல்லன்னா ஒண்ணுமே வராது, பாதி எழுத்துங்கிற பேச்சே இல்ல.

இதப் பாத்துட்டு எல்லாம் லைப்ரரி பாத்துக்கும்னு விட்டுடக் கூடாது, இந்தக் கட்டுரையில நான் அழுத்திச் சொல்ல வர்றதே இதத்தான். ஃப்ரேமிங் (ஒரு மெசேஜ் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பிரிக்கிறது), ரீகனெக்ட், க்யூ இதெல்லாம் அது பாத்துக்கும். டைம்அவுட், ரீட்ரை, மெசேஜ் தொலைஞ்சா என்ன பண்றதுங்கிறது உங்க பொறுப்பாவே இருக்கும். சென்ட் எரர் இல்லாம திரும்பி வந்துடுச்சுன்னா மெசேஜ் சர்வர்கிட்ட போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உங்க மெஷின்ல இருக்கிற க்யூவுக்குள்ள போயிருக்கு, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்.

ரெக்-ரெப் ஜோடியில ஒரு கறாரான ரூல் இருக்கு, ரெக் பக்கம் அனுப்புனா வாங்கணும், வாங்குனாத்தான் அடுத்தது அனுப்ப முடியும், ரெப் பக்கம் அப்படியே தலைகீழ். இந்த வரிசைய மீறுனா தற்போதைய ஸ்டேட்ல இந்த ஆபரேஷன் முடியாதுன்னு ஒரு எரர் வரும். இதனால சர்வர்ல வர்ற ஒரு கோளாறு ரொம்ப சகஜம்: ரிக்வெஸ்ட் வாங்கியாச்சு, நடுவுல உங்க கோட்ல ஒரு எக்செப்ஷன், அத லூப்புக்குள்ளயே பிடிச்சு வெறுமனே லாக் பண்ணிட்டு மறுபடி ரிசீவுக்குப் போறீங்க, அங்க இந்த ஸ்டேட் எரர், அதையும் பிடிச்சு லாக் பண்ணுவீங்க, மறுபடி அதே எரர், சர்வர் உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கும் ஆனா ஒருத்தருக்கும் பதில் போகாது. அதனால வேலை செய்ற பகுதிய மட்டும் ஒரு ட்ரைக்குள்ள போடுங்க, எக்செப்ஷன் வந்தா "தப்பு நடந்துச்சு"ன்னு ஒரு ஜேசானையாவது பதிலா ரெடி பண்ணுங்க, ட்ரை முடிஞ்ச பிறகு எந்த நிலையிலயும் சென்ட் ஒரு தடவ நடந்தே தீரணும். வர்றது ஒழுங்கான ஜேசானாவே இல்லன்னா ரிசீவ்-ஜேசானே வெடிக்கும், அப்பவும் மெசேஜ் வாங்கியாச்சுன்னுதான் கணக்கு, அதனால ப்ரொடக்‌ஷன்ல வெறும் ரிசீவ் பண்ணிட்டு பார்ஸ் பண்றத ட்ரைக்குள்ள வைக்கிறதுதான் நல்லது.

க்ளையண்ட் பக்கம் இன்னும் முக்கியம். ரிக்வெஸ்ட்ட வாங்குன பிறகு சர்வர் விழுந்துடுச்சுன்னா அது திரும்ப எழுந்து வந்தாலும் அந்தப் பழைய ரிக்வெஸ்ட்டுக்கு பதில் வராது, ஆனா டீஃபால்ட் டைம்அவுட் -1, அதாவது காலம் முழுக்க காத்திருக்கும். அதனால பதில் வாங்குறதுக்கு முன்னாடி போலர்ல (சாக்கெட்ல ஏதாவது வந்திருக்கான்னு சொன்ன நேரம் வரைக்கும் பாக்குறது) சாக்கெட்ட ரெஜிஸ்டர் பண்ணி 2500 மில்லிசெகண்ட் மாதிரி ஒரு அளவு வச்சு போல் பண்ணுங்க. பதில் வந்தா நல்லது. வரலன்னா அதே சாக்கெட்ல திரும்ப சென்ட் பண்ண முடியாது, மேல சொன்ன அதே ரூல்தான் தடுக்கும், அந்த சாக்கெட்ட லிங்கர் 0னு குடுத்து க்ளோஸ் பண்ணிட்டு புதுசா ஒரு ரெக் சாக்கெட் எடுத்து கனெக்ட் பண்ணி அதே ரிக்வெஸ்ட்ட மறுபடி அனுப்பணும், மூணு தடவைக்கு மேல ஆச்சுன்னா யூசர்கிட்ட சர்வர் கிடைக்கலன்னு சொல்லிடுங்க. லிங்கர் 0 எதுக்குன்னா, அனுப்ப முடியாத மெசேஜ் க்யூல கிடந்தா கான்டெக்ஸ்ட்ட மூடுறப்ப அது போய்ச் சேர்ற வரைக்கும் ப்ரோக்ராம் தொங்கிக்கிட்டு நிக்கும், கடைசி வரி வரைக்கும் ஓடிட்டு வெளிய வர மாட்டேங்குதேன்னு தேடுனா முக்கால்வாசி இதுதான் காரணம்.

ரீட்ரைன்னு வந்துட்டா ஒரே ரிக்வெஸ்ட் ரெண்டு தடவ சர்வருக்குப் போக வாய்ப்பு இருக்கு, முதல் தடவ சர்வர் வேலைய முடிச்சுட்டு பதில் வர்றதுக்குள்ள டைம்அவுட் ஆகியிருக்கலாமே. படிக்கிற மாதிரி ரிக்வெஸ்ட்டுக்கு இது பரவாயில்ல, பணம் கழிக்கிறது, ஆர்டர் போடுறது மாதிரி விஷயத்துக்கு ஆபத்து. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் ஒரு யூயூஐடி (வேற எதோடயும் மோதாத தனி ஐடி) வைங்க, ரீட்ரை பண்ணா அதே ஐடி, சர்வர் அந்த ஐடிய ஏற்கனவே பாத்திருந்தா பழைய பதிலயே திருப்பிக் குடுக்கட்டும். ஜீரோஎம்க்யூ இத உங்களுக்காகச் செய்யாது.

அடுத்து வேகம். ரெப் சாக்கெட் ஒரு நேரத்துல ஒரு ரிக்வெஸ்ட்டத்தான் பாக்கும், ஒரு வேலைக்கு 3 செகண்ட் ஆகும்னு வைங்க, பத்து க்ளையண்ட் ஒரே நேரத்துல கேட்டா கடைசி ஆள் 30 செகண்ட் நிக்கணும். இதுக்குத் தீர்வு, முன்னால க்ளையண்ட்டுகள்கிட்ட இருந்து வாங்க ஒரு ரௌட்டர் சாக்கெட் (டிசிபில பைண்ட்), பின்னால வேலைய பிரிச்சுக் குடுக்க ஒரு டீலர் சாக்கெட் (இன்ப்ராக் அட்ரஸ்ல பைண்ட், அதாவது ஒரே ப்ராசஸுக்குள்ள), நடுவுல ரெண்டையும் இணைக்க ப்ராக்ஸிங்கிற ஒரே ஒரு ஃபங்ஷன். நாலஞ்சு த்ரெட் ஸ்டார்ட் பண்ணி ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு ரெப் சாக்கெட் எடுத்து அந்த இன்ப்ராக் அட்ரஸுக்கு கனெக்ட் பண்ணிக்கட்டும், பழைய சர்வர் லூப் அப்படியே அந்த த்ரெட்டுக்குள்ள போயிடும், க்ளையண்ட்ல ஒரு வரி கூட மாத்த வேணாம். கான்டெக்ஸ்ட்ட எல்லா த்ரெட்டும் பகிர்ந்துக்கலாம், சாக்கெட்ட பகிரவே கூடாது, அது த்ரெட்-சேஃப் இல்ல. பைத்தான்ல சிபியூ தின்கிற வேலையா இருந்தா ஜில் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்ட மட்டும் பைத்தான் கோட் ஓட்ட விடுற பூட்டு) வந்து குறுக்க நிக்கும், அப்போ த்ரெட்டுக்கு பதிலா தனித்தனி ப்ராசஸ், இன்ப்ராக் இருந்த இடத்துல ஐபிசி அட்ரஸ் (ஒரே மெஷின்ல ப்ராசஸுக்கு ப்ராசஸ் பேசுறது). இன்னொண்ணு, டீலர் வரிசையா ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுக்கும், யார் சும்மா இருக்காங்கன்னு பாக்காது, வேலையோட நீளம் ரொம்ப ஏறி இறங்குற இடத்துல இது பத்தாது, வொர்க்கர் தானா "நான் ரெடி"ன்னு சொல்ற மாதிரி எழுதணும்.

பப்-சப் (பப்ளிஷ்-சப்ஸ்க்ரைப்) பத்தி சுருக்கமா. ஒருத்தர் சொல்றத பல பேர் கேக்கணும்னா அது. சப் பக்கம் சப்ஸ்க்ரைப் ஆப்ஷன் வைக்க மறந்தா ஒரு மெசேஜும் வராது, எல்லாம் வேணும்னா காலி ஸ்ட்ரிங் குடுக்கணும். கனெக்ட் ஆகி முடியறதுக்குள்ள போன மெசேஜ் போனதுதான், திரும்ப வராது. டீஃபால்ட்டா க்யூல 1000 மெசேஜ் வரைக்கும் வச்சுக்கும், அதுக்கு மேல ஆனா மெதுவா வாங்குறவருக்கான மெசேஜ பப் கீழ போட்டுடும். விலை அப்டேட், சென்சார் ரீடிங் மாதிரி அடுத்தது எப்படியும் வரும்ங்கிற டேட்டாவுக்கு இது பொருத்தம், ஒண்ணு கூட விடக் கூடாதுங்கிற டேட்டாவுக்கு இல்ல.

ஜீரோஎம்க்யூ எல்லா இடத்துக்கும் ஆகாது. வயர்ல அது பேசுறது ஜெட்எம்டிபிங்கிற தன்னோட சொந்த ப்ரோட்டோகால், கனெக்ட் ஆன உடனே 64 பைட் க்ரீட்டிங் அனுப்பும், அதனால ஏற்கனவே ஓடுற சாதாரண டிசிபி சர்வர்கிட்ட ரெக் மாதிரி சாக்கெட்ட வச்சுப் பேச முடியாது, நெட்கேட்ங்கிற டிசிபி டெஸ்ட் டூல் வச்சு டெஸ்ட் பண்ணா புரியாத பைட்டுகள்தான் தெரியும். ப்ரௌஸர்ல இருந்து வரணும்னா வெப்சாக்கெட், வெளியாளுங்க கூப்பிடுற ஏபிஐன்னா எச்டிடிபி. வெளி லைப்ரரியே வேணாம், பைத்தான் மட்டும் போதும்னா அசிங்க்ஐஓ ஸ்ட்ரீம்ஸ் இருக்கு, ரீட்-எக்ஸாக்ட்லி 4, அப்புறம் ரீட்-எக்ஸாக்ட்லி நீளம்னு ரெண்டே வரியில ஃப்ரேமிங் முடிஞ்சிடும், ரீகனெக்ட் மட்டும் நீங்க எழுதிக்கணும். சின்ன வேலைக்கு நான் அதத்தான் சொல்வேன்.

பாதுகாப்பு விஷயத்துல டீஃபால்ட்டா என்க்ரிப்ஷனும் கிடையாது, யார்னு கேக்குறதும் கிடையாது. டெவலப் பண்றப்ப 127.0.0.1லயே பைண்ட் பண்ணுங்க, ஸ்டார் போட்டா மெஷினோட எல்லா நெட்வொர்க் பக்கமும் திறந்துடும். வெளிய திறக்கணும்னா கர்வ்ங்கிற என்க்ரிப்ஷன் மெக்கானிசம் இருக்கு, சர்வருக்கும் க்ளையண்ட்டுக்கும் கீ ஜோடி உருவாக்கி, சர்வரோட பப்ளிக் கீய க்ளையண்ட்ல வைக்கணும், யார் யார விடுறதுங்கிறத சர்வர்ல ஆத்தென்டிகேட்டர் வச்சு தனியா சொல்லணும். சென்ட்-பைஆப்ஜெக்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, வசதியா தெரியும், உள்ள பிக்கிள் (பைத்தான் ஆப்ஜெக்ட்ட பைட்டா மாத்தித் திரும்ப உருவாக்குறது) ஓடுது, யார்னு தெரியாதவங்க அனுப்புறத பிக்கிள் வச்சுத் திறந்தா அவங்க அனுப்புற கோட் உங்க மெஷின்ல ஓடும். ஜேசானோ மெசேஜ்பேக்கோ போதும்.

எழுதி முடிச்சதும் சர்வர்ல வேலைக்கு நடுவுல ஒரு 2 செகண்ட் ஸ்லீப் போட்டுட்டு, க்ளையண்ட் காத்திட்டு இருக்கிற அந்த நேரத்துல சர்வர கில் மைனஸ் 9 போட்டு கொன்னு, உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. க்ளையண்ட் டைம்அவுட் ஆகி, புது சாக்கெட் எடுத்து, அதே யூயூஐடியோட பதில் வாங்கிட்டு வருதான்னு பாருங்க. அடுத்து ரெண்டையும் வேற வேற மெஷின்ல ஓட்டி நெட்வொர்க் கேபிள உருவிப் பாருங்க, இது வேற மாதிரி கேஸ், ப்ராசஸ் சாகுறப்ப கர்னல் கனெக்‌ஷன மூடிடும், கேபிள் போனா யாரும் யாருக்கும் சொல்றதில்ல, லினக்ஸ்ல டிசிபி கீப்அலைவ (எதிர்ப்பக்கம் உயிரோட இருக்கான்னு பாக்குறது) போட்டு விட்டாலே டீஃபால்ட்டா 7200 செகண்ட் கழிச்சுத்தான் முதல் தடவ சோதிக்கும். ஜீரோஎம்க்யூ 4.2ல இருந்து இதையே அடிக்கடி சோதிக்க ஹார்ட்பீட் இன்டர்வல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி அத 2000 மில்லிசெகண்ட் மாதிரி வச்சுட்டு அதே டெஸ்ட்ட திரும்ப ஓட்டுங்க.