வேலை, ஓய்வு பத்தி டைரி எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயித்துக்கிழமை காலைல அண்ணா நகர் டவர் பார்க்ல நாங்க கொஞ்சம் பேர் நோட்டோட உட்கார்ந்து எழுதுவோம். வேலை நம்மள என்ன பண்ணுது, சும்மா இருந்தா ஏன் மனசு உறுத்துது, இதுதான் விஷயம். புதுசா வர்றவங்க நான் ஆரம்பத்துல பண்ணதையே அப்படியே பண்றாங்க, அதான் எழுதுறேன். எந்த நோட்டு, எந்த பேனாங்கிறதெல்லாம் விட்டுடுங்க.

தன்னைத் தானே திட்டி எழுதுறது

இதைப் பார்த்தா எனக்கு இன்னும் எரிச்சல் வருது. "இன்னிக்கும் சோம்பேறியா இருந்துட்டேன், நாளைலேருந்து மாறணும்." தீர்ப்பு மட்டும் இருக்கு, நடந்தது எங்க?

வில்லிவாக்கத்துலேருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போற ஒரு பொண்ணு பக்கம் பக்கமா இப்படியே எழுதியிருந்துச்சு. இந்த வாரம் திட்டாம மணியை மட்டும் எழுதும்மானு சொன்னேன். அஞ்சரைக்கு குக்கர், ஏழே காலுக்கு கேப், ராத்திரி பத்தே முக்காலுக்கு முடியுற க்ளையன்ட் கால், சனிக்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுனு வந்துச்சு, ஓய்வுனு ஒரு வரி இல்ல. இதுல சோம்பேறித்தனம் எங்கங்க இருக்கு? க்ளையன்ட் கால் நேரத்தை மாத்துங்கனு மேனேஜர்கிட்ட கேக்க வேண்டியவங்க தன் குணத்தை மாத்தக் கெளம்பிடுறாங்க, மாசக்கணக்கா அதுலயே போயி கடைசில உடம்பும் கெட்டுப்போகுது.

1986ல அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம் மனசுல உள்ளதை எழுத வச்சு ஆய்வு பண்ணார். பிற்பாடு அவர் எழுதினவங்களோட வார்த்தைகளையும் ஆராய்ஞ்சப்போ, "ஏன்னா", "இப்பதான் புரியுது" மாதிரி வார்த்தைகள் நாளுக்கு நாள் கூடினவங்களுக்குத்தான் பலன் அதிகமா தெரிஞ்சுது. சோம்பேறினு முடிச்சுட்டா "ஏன்னா" எங்கேருந்து வரும்?

தி.நகர் ஜவுளிக்கடைல நாள் முழுக்க நிக்கிறவங்க "எனக்குத் தெம்பு பத்தல"னு எழுதினா அது நியாயமா? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்துச்சு. அதனால எத்தனை மணி நேரம், யார் கூப்பிட்டாங்க, எப்ப சாப்பிட்டீங்க, அதை முதல்ல எழுதுங்க. ஃபீலிங்ஸ் பின்னாடியே வரும்.

ஓய்வுக்கு மார்க் போடுறது

மத்தியானம் தூங்கினீங்களா, தூங்கினேன்னு எழுதுங்க. அதனால என்ன பிரயோஜனம்னு யாருக்கும் கணக்கு காட்ட வேணாம்.

ஆஃபீஸ் லேப்டாப்ல எழுதுறது

வேண்டவே வேண்டாம்.

தாங்க முடியாதப்பவும் எழுதிட்டே இருக்கிறது

அடைச்சுக்கிட்டு வந்தா நோட்டை மூடிடுங்க. வாரக்கணக்கா தூக்கம் இல்லனா டாக்டரைப் பாருங்க, இல்லனா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.

திரும்பப் படிக்காம விடுறது

மாசத்துக்கு ஒரு தடவை படிங்க. ஒரே ஆள், ஒரே மணி திரும்பத் திரும்ப வந்தா பென்சில்ல சுழிச்சு வைங்க, அடுத்து யார்கிட்ட என்ன பேசணும்னு அங்கேருந்து தெரியும்.