ஒரே செட்டாப் பாக்ஸ், இரண்டு ரூமில் டிவி: எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் மாட்டுவது எப்படி?

ஹாலில் ஓடும் கிரிக்கெட் பெட்ரூம் டிவியிலும் தெரிந்தால் போதும் என்றால், இரண்டாவது கனெக்‌ஷனுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டாம். பாக்ஸின் படத்தையும் சவுண்டையும் இரண்டு டிவிக்குப் பிரித்து அனுப்பும் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டியும் எச்டிஎம்ஐ வயரும் (பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் வயர்) இருந்தால் முடிந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே சேனல்தான் வரும். அம்மாவுக்கு சீரியல், அப்பாவுக்கு நியூஸ் என்று ஆளுக்கொன்று கேட்கும் வீட்டுக்கு இது சரிப்படாது.

கடையில் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் என்று கேட்டு, ஒரு இன்புட், இரண்டு அவுட்புட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்விட்ச் என்று இன்னொன்று உண்டு, பார்க்க அப்படியே இருக்கும், வேலை தலைகீழ்: பல பாக்ஸை ஒரு டிவிக்குக் கொண்டுவருவது அது. நான் முதல் தடவை அதைத்தான் வாங்கிவந்து அரை மணி நேரம் டிவியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் அடாப்டர் இல்லாமல் ஒய் மாதிரி பிரியும் மலிவு வயர் பக்கம் போகவே வேண்டாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாக்ஸிலிருந்து வரும் வயரை இன்புட்டிலும், டிவிக்குப் போகும் வயர்களை அவுட்புட்டிலும் சொருகுங்கள். முதலில் டிவிகள், அப்புறம் ஸ்பிளிட்டர், கடைசியில் பாக்ஸ் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். படம் வராவிட்டால் டிவியில் சரியான எச்டிஎம்ஐ சோர்ஸ் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் கோளாறு அங்கேதான். அப்படியும் கறுப்பாகவே இருந்தால் காப்பி தடுப்பு முறையான எச்டிசிபி ஒத்துப்போகவில்லையோ என்று சந்தேகப்படலாம். 4கே பாக்ஸ் என்றால் எச்டிசிபி 2.2 போட்ட ஸ்பிளிட்டராக வாங்குங்கள். ஒரு டிவி 4கே, இன்னொன்று ஃபுல் எச்டி என்றால், சாதாரண ஸ்பிளிட்டரில் இரண்டுக்குமே ஃபுல் எச்டிதான் கிடைக்கும்.

உண்மையான தலைவலி வயர்தான். பக்கத்து ரூம், 5 மீட்டருக்குள் என்றால் சாதாரண எச்டிஎம்ஐ வயரே போதும். 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம், புள்ளி புள்ளியாகத் தெரியலாம். சுவருக்குள் போட்ட பைப்பில் இழுக்கலாம் என்றால் அந்தப் பிளக் முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால் தூரமாக இருந்தால் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் கிட் வாங்குங்கள். ஸ்பிளிட்டர் பக்கம் ஒன்று, டிவி பக்கம் ஒன்று என இரண்டு சின்னப் பெட்டி, நடுவில் இன்டர்நெட்டுக்குப் போடும் கேட்6 லேன் வயர். தலை இல்லாத வயரைப் பைப்பில் இழுத்துவிட்டு, பிறகு இரண்டு முனையிலும் பிளக் கிரிம்ப் செய்தால், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தினால் போதும். ஃபுல் எச்டி படத்தை 50 மீட்டர் வரை கொண்டுபோகும் கிட்டெல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது. நடுவில் ரௌட்டரைக் கொண்டுவந்து சொருகாதீர்கள், சாதாரண கிட் நேரடி வயரில்தான் ஓடும்.

ரிமோட் சிக்னல் சுவரைத் தாண்டாது. அந்த ரிமோட் சிக்னலைக் கடத்தும் ஐஆர் வயரோடு வரும் எக்ஸ்டெண்டர் கிட்டாக வாங்கினால், ஒரு முனையைப் பெட்ரூம் டிவிக்குக் கீழே ஒட்டலாம், மறுமுனையைப் பாக்ஸில் ரிமோட் சிக்னலை வாங்கும் கண்ணுக்கு நேராக ஒட்ட வேண்டும். கண் எங்கே என்று தெரியாவிட்டால் மொபைல் டார்ச்சை பாக்ஸின் முகப்பில் அடித்துப் பாருங்கள், கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒன்று தெரியும். பாக்ஸின் சவுண்டை முழுதாக வைத்துவிட்டு, அந்தந்த டிவி ரிமோட்டில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்ளே பாட்டி சவுண்டைக் குறைக்கும்போது ஹாலில் மேட்ச் பார்ப்பவர்கள் கத்துவார்கள்.