சார்ஜ் படுத்தும் பாடு: மொழிபெயர்க்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் கோரமங்களா அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு கதைப் பத்தியை மொழிபெயர்த்துக் காட்டினார். பூங்காவுக்கு வரும் ஆயா ஒருத்தி தன் ‘சார்ஜஸ்’ இரண்டையும் ஊஞ்சலில் உட்கார வைக்கிறாள். தம்பியின் தமிழில் அவள் இரண்டு கட்டணங்களை ஊஞ்சலில் உட்கார வைத்திருந்தாள். ஒருவர் பொறுப்பில் விட்ட பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்றுதான் பெயர். நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் கூச்சம். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் செய்து வைத்ததற்கு இது ஒன்றுமே இல்லை.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதைத் திருத்த ஆள் இருக்கிறது.

அகராதியில் முதலில் இருப்பதை எடுப்பது

எடுக்காதீர்கள்.

பச்சையைப் பார்த்து மெமரியை நம்புவது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருளில் ட்ரான்ஸ்லேஷன் மெமரி என்று ஒன்று உண்டு. நாம் முன்பு மொழிபெயர்த்த வரி மறுபடி வந்தால் தானே நிரப்பிவிடும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் நூறு சதவீதம் என்று பச்சையில் காட்டும். அந்த வரிகளுக்குக் கூலியும் குறைவு, சில இடங்களில் சுத்தமாகக் கிடையாது, அதனால் யாரும் நின்று படிப்பதில்லை.

அப்போது அல்சூரில் வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். வங்கி ஆப் ஒன்றை முடித்த கையோடு மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் திரை வாசகங்கள் வந்தன. எண்ணூறு வரி, பாதிக்கு மேல் ஒற்றைச் சொல், படம் கிடையாது, எந்தத் திரையில் வரும் என்ற குறிப்பும் கிடையாது. ‘சார்ஜிங்’ என்பதற்கு எதிரே மெமரி ‘கட்டணம் வசூலிக்கப்படுகிறது’ என்று நிரப்பியது. ‘நோ சார்ஜ்’ என்பதற்குக் ‘கட்டணம் இல்லை’. வங்கிக்கு இரண்டுமே சரி. பச்சையாக இருக்கிறதே என்று நான் கீழே உருட்டிக்கொண்டே போய்விட்டேன்.

கோயம்புத்தூரில் ஒருவர் ராத்திரி வண்டியைச் சார்ஜில் போட்டிருக்கிறார். கட்டணம் வசூலிக்கப்படுகிறது என்று திரையில் வந்ததும் பிடுங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செருகினால் மறுபடியும் வசூல். விடிந்ததும் பேட்டரி காலி, அப்போது திரை பெருந்தன்மையாகக் ‘கட்டணம் இல்லை’ என்றதாம். அவர் எடுத்த போட்டோ ஏஜென்சி வழியாக என் மெயிலுக்கு வந்தது. இன்னும் அழிக்கவில்லை. எண்ணூறு வரியையும் காசில்லாமல் மறுபடி பார்த்துக் கொடுத்தேன், மூன்று மாத பில் நின்றது, அந்த வாடிக்கையாளர் அதோடு போனவர்தான்.

இது பேட்டரியா, பணமா என்று ஒரே ஒரு மெயில் போட்டிருந்தால் போதும். கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். இப்போது வருகிற பிள்ளைகளிடமும் அதே வெட்கத்தைப் பார்க்கிறேன், கோபம் கோபமாக வருகிறது. ஒன்று இரண்டு சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து, பச்சையோ மஞ்சளோ, எல்லாவற்றையும் படியுங்கள். முன்னும் பின்னும் உள்ள வரியைப் பாருங்கள். பக்கத்தில் ‘கிலோமீட்டர்’ இருந்தால் அது வங்கி இல்லை. வங்கி மெமரியையும் வண்டி மெமரியையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

எல்லாப் பொருளையும் மனப்பாடம் செய்யப் பார்ப்பது

முடியாது. ‘ரன்’ என்ற ஒரு வினைச்சொல்லுக்கே ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள், அதற்கு ஒரே ஆள் ஒன்பது மாதம் உட்கார்ந்தார். அதைவிட வேரைப் பிடிப்பது சுலபம். சார்ஜ் என்பது வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் ஆதிப் பொருள். கார், கார்கோ எல்லாம் அதே குடும்பம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரே ஆச்சரியம், ஏனென்றால் நாமும் குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பொறுப்பைத் தலையில் சுமத்துகிறோம். பேட்டரியில் மட்டும் ஏற்றுகிறோம், அதுவும் பாரம் ஏற்றுவதுதானே. லத்தி சார்ஜ் இந்தக் கணக்கில் வராது, அங்கே பாய்ந்து தாக்குவது. தடியடி என்று எப்போதோ நல்ல சொல் கிடைத்துவிட்டது.

போலீஸ் சார்ஜ், கோர்ட் சார்ஜ்

சார்ஜ் ஷீட் போலீஸ் தாக்கல் செய்வது, அது குற்றப்பத்திரிகை. சார்ஜ் ஃப்ரேம் செய்வது நீதிபதி, அது குற்றச்சாட்டு பதிவு. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் ஓடலாம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தும் இந்த வித்தியாசம் மாறவில்லை. ஒன்றை மற்றதாக எழுதினால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே புரண்டுவிடும்.

‘மின்னேற்றம்’ பிடிவாதம்

பாடப்புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம். போனுக்குச் சார்ஜ்தான் போடுகிறோம்.

டிஸ்சார்ஜ்

நோயாளி வீட்டுக்குப் போவதும் டிஸ்சார்ஜ், கே.ஆர்.எஸ். அணையிலிருந்து காவிரியில் தண்ணீர் திறப்பதும் டிஸ்சார்ஜ், புண்ணிலிருந்து வடிவதும் அதே. கண் மருத்துவ அறிக்கையில் ‘நோ டிஸ்சார்ஜ்’ என்றிருந்தால் கண்ணில் சீழோ பீளையோ இல்லை என்று அர்த்தம், வீட்டுக்கு அனுப்பவில்லை என்று இல்லை. அப்படி ஒரு கோப்பு இன்று காலைதான் வந்திருக்கிறது. ஊஞ்சல் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், சாயங்காலத்துக்குள் கேள்வி கேட்டு வருகிறாரா பார்க்கலாம்.