எட்டு நிமிட வீடியோ, ஐம்பது நிமிட வகுப்பு: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

மாணவர்களுக்காக நான் முதலில் எடுத்த வீடியோ 48 நிமிடம் ஓடியது. கரும்பலகைக்கு எதிரே போனை நிறுத்தி, வழக்கமான வகுப்பை அப்படியே பதிவு செய்து அனுப்பிவிட்டேன். மறுநாள் விசாரித்தபோது ஒரு மாணவி மட்டும், "பன்னிரண்டாவது நிமிடம் வரைதான் பார்த்தேன், சார்" என்றாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவள் அவள். மற்றவர்களைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாடம் கேட்பது வீட்டில், கணக்குப் போடுவது வகுப்பில் என்று இடம் மாற்றுவதுதான் தலைகீழ் வகுப்பறை. கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் இதைத் தொடங்கியபோது வீடியோ பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களிலேயே மாணவர்களைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பு நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுத்துவந்தார். வீடியோவே இல்லை. ஆகவே கேமராவை எடுக்கும் முன் வகுப்பைத் திட்டமிடுங்கள்.

முதல் படி: வகுப்பில் கேட்கப்போகும் கேள்வி

பருவம் முழுவதையும் மாற்ற வேண்டாம். ஆண்டுதோறும் மாணவர்கள் இடறி விழும் ஒரே ஒரு தலைப்பை எடுங்கள். எனக்கு அது பேயஸ் தேற்றம்: புதிய தகவல் ஒன்று கிடைத்தபின் வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடும் நிகழ்தகவு விதி. நான் கேட்கும் கேள்வி இது: ஒரு நோய் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இருக்கிறது. சோதனை, நோய் உள்ளவரானாலும் இல்லாதவரானாலும், நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும். ஒருவருக்கு 'நோய் உண்டு' என்று முடிவு வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

பாதி வகுப்பு 90 சதவீதம் என்று சொல்லும். நோயுள்ள பத்துப் பேரில் 9 பேரைச் சோதனை பிடிக்கிறது. நோயற்ற 990 பேரில் 99 பேரையும் தவறாகப் பிடிக்கிறது. ஆக 108 பேரில் 9 பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். இப்படிப் பாதிப்பேர் தவறும் கேள்வி கிடைத்துவிட்டால் வேலையில் பெரும்பங்கு முடிந்தது. வீடியோவில் இந்தக் கேள்வி வரவே கூடாது. இதைத் தொடத் தேவையான அடிப்படை மட்டும் வரட்டும்.

இரண்டாம் படி: ஒரு பக்கக் குறிப்பு

வீடியோவில் சொல்லப்போவதை ஒரே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடத்தைத் தாண்டாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. வெறும் ஸ்லைடுகளைவிடக் கையால் எழுதிக் காட்டும் வீடியோக்கள் மாணவர்களைப் பிடித்துவைப்பதும் அதில் தெரியவந்தது. "அனைவருக்கும் வணக்கம், இன்று நாம் பார்க்கவிருப்பது" என்ற முன்னுரையை வெட்டுங்கள். அரை நிமிடம் மிச்சம்.

எல்லாவற்றையும் நீங்களே எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடிஇஎல் என்ற இணையத் தளத்தில் நல்ல வீடியோ பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. முழுப் பாடத்தையும் அனுப்பாமல், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்து அனுப்புங்கள்.

மூன்றாம் படி: பதிவு

மேசைமேல் இரண்டு புத்தக அடுக்குகள், அவற்றின் குறுக்கே இரண்டு ஸ்டீல் ஸ்கேல்கள், அதன்மேல் கேமரா கீழ்நோக்கிய போன். கீழே வெள்ளைத்தாள், தடித்த பேனா. வலக்கைக்காரர்கள் சன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தை மறைக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். திரையில் சற்றுநேரம் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் குவியம் (ஃபோகஸ்) பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாததால் என் இரண்டாவது வீடியோவில், நான் கையை எடுக்கும்போதெல்லாம் எழுத்து மங்கித் தெளிந்தது.

சின்னத் தடுமாற்றங்களைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். என் வீடியோ ஒன்றில் குக்கர் இரண்டு முறை விசிலடிக்கிறது. யாரும் குறை சொன்னதில்லை. ஒலி மட்டும் தெளிவாக இருக்கட்டும். கம்பியுள்ள சாதாரண இயர்போன் மைக் போதும்.

நான்காம் படி: அனுப்புவது

போனில் எடுத்த கோப்பு பல நூறு எம்பி இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பி என்ற படத்தெளிவு அளவுக்குச் சுருக்குங்கள். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் எட்டு நிமிடம் சுமார் 60 எம்பிதான். விடுதியில் நாலு பேர் ஒரே ஹாட்ஸ்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது இந்த வித்தியாசம் பெரிது. யூடியூபில், நீங்கள் அனுப்பும் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றலாம்.

கூடவே கூகுள் படிவத்தில் மூன்று கேள்விகள். இரண்டு, வீடியோ பார்த்தவர் எளிதில் சொல்லக்கூடியவை. மூன்றாவது: "எந்த இடம் புரியவில்லை?" முந்தைய நாள் இரவு ஒன்பது மணி கெடு. இந்த வேலைக்கு ஈடாக வழக்கமான வீட்டுப்பாடத்தைக் குறைத்துவிடுங்கள். சுமையைக் கூட்டினால் மாணவர்கள் இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

ஐந்தாம் படி: வகுப்பு நாள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாதிப்பேர் பார்க்காமல் வந்திருப்பார்கள். மனம் இளகி அதே பாடத்தை மறுபடி நடத்திவிட்டால், அடுத்த முறை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பார்க்காதவர்கள் கடைசி வரிசையில் இயர்போனோடு உட்கார்ந்து பார்க்கட்டும். மற்றவர்களோடு நீங்கள் தொடங்கிவிடுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு வந்த பதில்களில் அதிகம் பேர் சொன்னதற்கு ஐந்து நிமிடம். பிறகு உங்கள் கேள்வி. அ, ஆ, இ, ஈ என்று எழுதிய அட்டைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கட்டும். மசூரின் கணக்குப்படி சரியான விடை 30-இலிருந்து 70 சதவீதத்துக்குள் வந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் சொல்லி மறுபடி வாக்கெடுக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் நீங்களே விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் அடுத்த கேள்விக்குப் போகலாம். வாதம் நடக்கும்போது வரிசைகளுக்கு இடையே நடந்தபடி காது கொடுங்கள். 'அந்த 990 பேரை ஏன் விட்டுவிட்டாய்?' என்று ஒருவன் அடுத்தவனிடம் மேசையைத் தட்டிக் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அதே விஷயத்தை அந்த வேகத்தோடு எனக்குச் சொல்லத் தெரியாது.

முதல் சில வாரங்களில் "சார் பாடமே நடத்துவதில்லை" என்ற முணுமுணுப்பு வரும். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இப்படித் தாங்களே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். அதை முதல் நாளிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள், துறைத் தலைவரிடமும்.

ஒரு பருவத்துக்கு நான்கு வீடியோ போதும். ஒன்றுக்கு எனக்கு இன்றும் மூன்று மணி நேரம் பிடிக்கிறது, அதில் இரண்டு மணி நேரம் அந்த ஒரு கேள்விக்கு.